மோசின் வாங்கப் போகும் நண்பர்களுக்கு

அமெரிக்காவில் வாழும், முதல் துப்பாக்கியாக ஒரு பழைய ராணுவ ரைபிளை வாங்க நினைக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



சில ஆண்டுகளாக உங்களில் பலரைச் சுடுதிடல்களில் பார்க்கிறேன். பச்சை அட்டை கைக்கு வந்திருக்கும், அல்லது குடியுரிமை உறுதிமொழி எடுத்து முடித்திருப்பீர்கள். அலுவலக நண்பர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போயிருப்பார். கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் த்ரீ-நாட்-த்ரீ சுட்டு மறுநாள் தோள் வலித்த நினைவு வந்திருக்கும். வீடு திரும்பிப் புதிய ரைபிள்களின் விலையைப் பார்த்து மலைத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் யாரோ சொல்லியிருப்பார்: "ஒரு மோசின் நகாந்த் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவு, உடையவே உடையாது."

நல்ல யோசனைதான். என்னைக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் மலிவு என்று சொன்னவர் சொல்லாமல் விட்டவை நிறைய. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருளை நாம் குறைந்த கவனத்தோடு கையாளுகிறோம். இந்தப் பொருளில் அது கூடாது. அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இன்னும் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு. நீங்கள் ஒன்றும் அறியாமல் திடலுக்கு வந்து போவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் வம்பு என்று நினைக்காதீர்கள். திடலில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும், நண்பருடையதைக் கையில் வாங்கிச் சுட்டாலும் அதே சட்டம்தான். சில விதிவிலக்குகள் உண்டு. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் முக்கியமானது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு வாருங்கள். பல வருடக் காத்திருப்பை ஒரு பிற்பகலுக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம். வண்டியை அண்ணன் பெயரிலும் மனையை மச்சான் பெயரிலும் வாங்குவது நமக்குச் சாதாரணம். விசாவில் இருக்கும் நண்பர், பச்சை அட்டை வாங்கிய உங்களிடம் பணத்தைத் தந்து, "உங்க பேர்ல ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்று கேட்பார். மறுத்துவிடுங்கள். கடையில் நீங்கள் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று நேராகவே கேட்கிறது. அதில் பொய் சொல்வது குற்றம். பிறருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவதற்கு 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டுகள் வரை சிறை உண்டு. குடியுரிமை பெறாதவருக்கு, துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலில் போய் முடியலாம்.

இந்தக் காகிதங்களை வெற்றுத் தொல்லை என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் ஒரு பொய்ப் பெயரில், தபால் பெட்டி முகவரிக்கு, சிகாகோ கடை ஒன்றிலிருந்து இத்தாலிய ராணுவ உபரியான கார்க்கானோ ரைபிள் ஒன்றை வரவழைத்தான். தொலைநோக்கியோடு சேர்த்து அதன் விலை 19 டாலர் 95 சென்ட். அந்த நவம்பரில் டாலஸ் நகரில் கென்னடியைக் கொன்றது அதுதான். தபாலில் துப்பாக்கி விற்பதை நிறுத்திய 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வரக் காரணமானவற்றுள் அந்தக் கொலையும் ஒன்று. மலிவான உபரித் துப்பாக்கியின் மறுபக்கம் அது. படிவத்தை நிதானமாக, உண்மையாக நிரப்புங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நம்மவர்கள் அதிகம் வாழும் நியூஜெர்சியில் வாங்குபவருக்கான அடையாள அட்டையைக் காவல்துறையிடம் முதலில் பெற வேண்டும். இல்லினாய்ஸிலும் தனி அட்டை உண்டு. கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கி, பணம் கட்டியபின் 10 நாள் காத்திருக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேல் பழையதான மூல வடிவத் துப்பாக்கிகளைச் சேகரிக்க விரும்புவோருக்கு 'சி அண்ட் ஆர்' என்றொரு மத்திய உரிமம் இருக்கிறது. மோசின் அதில் அடங்கும். ஒன்றிரண்டோடு நிறுத்த முடியாது என்று இப்போதே தெரிந்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு உள்ளூர்க் கடையே போதும்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன்.

1891-இல் ரஷ்யப் பேரரசு ஏற்றுக்கொண்ட ரைபிள் இது. செர்கேய் மோசின் என்ற ராணுவ அதிகாரியின் வடிவமைப்பில் பெல்ஜியத்தின் லியோன் நகாந்தின் யோசனைகள் சிலவும் சேர்ந்தன. முதல் உலகப்போரில் ரஷ்யத் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் போனபோது, அமெரிக்காவின் ரெமிங்டன், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனங்களிடமே ஜார் அரசு லட்சக்கணக்கில் செய்யச் சொன்னது. புரட்சி வந்து பேரம் முறிய, தேங்கியவற்றை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒரு பகுதி பின்னர் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. ஆக, இந்த நாட்டில் மோசின் உபரியாக விற்பனைக்கு வந்த கதைக்கு நூறு வயது.

இன்று நீங்கள் கடையில் பார்ப்பது பெரும்பாலும் 1930-இல் திருத்திய 91/30 வகை. தூலாவிலும் இஷெவ்ஸ்கிலும் செய்தது. நீளம் 123 சென்டிமீட்டர், எடை சுமார் 4 கிலோ, உள்ளே ஐந்து தோட்டா. எல்லா வகையும் சேர்த்து 3 கோடிக்கும் மேல் உருவாயின. போர் முடிந்ததும் சோவியத் கிடங்குகளில் அவற்றைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, கட்டைக்கு அரக்குப் பூசி, இரும்பை காஸ்மோலின் என்ற கெட்டிக் கிரீஸில் தோய்த்து, பெட்டிக்கு 20 என்று அடுக்கி வைத்தார்கள். அடுத்த பெரும் போருக்கான சேமிப்பு. அந்தப் போர் வரவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்தது, பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. 2010 வாக்கில்கூட 100 டாலருக்குள் ஒன்று கிடைத்தது. 440 தோட்டாக்கள் அடைத்த தகர டப்பாவை 80 டாலர் அளவில் வாங்க முடிந்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. கிடங்குகள் வற்றின. 2014-இல் கிரீமியாவை ரஷ்யா கைப்பற்றிய பிறகு ரஷ்ய ஆயுத நிறுவனங்கள்மீது தடைகள் வந்தன. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களை இறக்குமதி செய்யப் புதிய அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது. இப்போது ஒரு சாதாரண 91/30-க்கே 300, 400 டாலர் கேட்கிறார்கள். புதிதாகச் செய்த தோட்டா ஒன்றின் விலை ஒரு டாலரைத் தொடுகிறது. இன்னும் பல புதிய ரைபிள்களைவிடக் குறைவுதான் என்றாலும், பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

பிறகு ஏன் வாங்க வேண்டும்? என் பதில் இது. மோசின் உங்களை நிதானப்படுத்தும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். தொலைநோக்கி கிடையாது. முன்னே ஒரு வளையத்துக்குள் ஊசிபோல நிற்கும் குறி, பின்னே ஒரு பிளவு, தொலைவில் காகிதம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கடினமான விசையை மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத கணத்தில் வெடிக்க வேண்டும். ஐந்து தோட்டாவுக்கும் அப்படி உழைத்து, அவை 100 கஜத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியை எந்த விலையுயர்ந்த துப்பாக்கியும் எனக்குத் தந்ததில்லை. ராணுவத் தோட்டா ஏற்கும் ரைபிளைச் சாதாரணக் குடிமகன் வைத்திருக்க முடியாத நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். இந்த அனுபவம் நமக்குப் புதிது, அருமையானதும்கூட.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கடைக்காரர் சோதித்துத் தந்திருந்தாலும் நீங்களே போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அடுத்து எண்கள். குழலின் அடிப்பகுதி, போல்ட், தோட்டா அறையின் அடித்தட்டு, கட்டையின் இரும்புப் பின்தகடு ஆகிய நான்கிலும் வரிசை எண் இருக்கும். பலவற்றில் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதியதைப் பொறித்திருப்பார்கள். அது போருக்குப் பின் கிடங்கில் நடந்த வேலை, குறையில்லை. போல்ட்டின் எண் குழலின் எண்ணோடு பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் சுடுவதற்குமுன் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் பார்த்துவிடுங்கள். போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவின் விளிம்பு போய் அமரும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. அளவு மீறினால் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு பின்பக்கமாகப் பாயும். பின்பக்கம் இருப்பது உங்கள் கண். அளவுகோலைப் போட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். இதில் சிக்கனம் பார்ப்பவரை நான் என் பக்கத்து மேசையில் சுட விடமாட்டேன்.

குழலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். உட்புறம் கறுத்திருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். சுருள் வரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் கறுத்த குழலும் நேராகச் சுடும். அதைவிடக் குழல்வாயைக் கவனியுங்கள். படைவீரர்கள் இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்துத் துடைத்துத் துடைத்து அங்கேதான் தேய்த்திருப்பார்கள். தேய்ந்த வாயை உள்பக்கமாகச் சிறிது கடைந்துவிடுவது கிடங்குகளின் வழக்கம். அப்படிக் கடைந்தவை நன்றாகவே சுடும். கடையாமலே தேய்ந்திருப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

குழல்மேல் ஆண்டு பொறித்திருக்கும். விண்மீன் முத்திரை தூலா, முக்கோணத்துக்குள் அம்பு இஷெவ்ஸ்க். 1942, 1943 ஆண்டுகளின் இஷெவ்ஸ்க் ரைபிள்களில் கடைசல் எந்திரத்தின் வரிகள் இரும்பின்மேல் அப்படியே தெரியும். 1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியப் படை தூலாவின் எல்லைக்கே வந்துவிட, அங்கிருந்த எந்திரங்களைக் கழற்றிக் கிழக்கே ரயிலேற்றினார்கள். இஷெவ்ஸ்கில் பளபளப்பாக்க நேரமில்லை, போர்முனைக்கு அனுப்பியாக வேண்டும். 1930-களின் வழவழப்பான துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். என் கை அந்தக் கரடுமுரடானவற்றைத்தான் தேடிப் போகிறது. அந்த வரிகளில் அந்த வருடம் அப்படியே நிற்கிறது.

விற்பவர் ஸ்டாலின்கிராட் கதை சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், கதைக்குப் பணம் தராதீர்கள். பின்லாந்தின் புகழ்பெற்ற குறிசுடுநர் சிமோ ஹெய்ஹா வைத்திருந்தது பின்லாந்தில் உருவான எம்/28-30. கடையில் தொங்கும் சோவியத் 91/30 அது அல்ல. தொலைநோக்கி பொருத்திய 'ஸ்னைப்பர்' என்று மும்மடங்கு விலைக்கு வருபவற்றில் புதிதாகத் துளையிட்டு மாட்டியவை ஏராளம். பழைய அமெரிக்க மோசின்களில் சிலவற்றை .30-06 தோட்டாவுக்கு மாற்றி ஒரு காலத்தில் விற்றிருக்கிறார்கள். அவை சுடவே கூடாதவை. சுவரில் மாட்டத்தான் ஆகும்.

தோட்டா வாங்கும்போது பெட்டியை இரண்டு முறை படியுங்கள். 7.62 என்ற எண் போட்டு மூன்று வேறு தோட்டாக்கள் கடையில் இருக்கும். கலாஷ்னிகோவுடையது 7.62×39, நேட்டோவுடையது 7.62×51. உங்களுக்கு வேண்டியது 7.62×54ஆர். ராணுவ உபரித் தோட்டாவில் உலோக உறையிலோ உள்ளேயோ இரும்பு இருக்கும். அதனால் பல திடல்களில் நுழைவிலேயே காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். போவதற்குமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

சுடும்போது காதுக்கு உள்ளே அடைப்பான், வெளியே மூடி என்று இரண்டும் போடுங்கள். இதன் ஓசை 140 டெசிபெலைத் தாண்டும். அந்த அளவுக்கு மேல் ஒரே வெடி காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். பின்தகடு இரும்பு, கட்டையும் குட்டை. தோள்குழியில் இறுக்கிப் பதித்தால் உதை தள்ளும், தளர்வாகப் பிடித்தால் அடிக்கும். பாதுகாப்புப் பூட்டு, போல்ட்டின் பின்முனைக் குமிழை இழுத்து இடப்பக்கம் திருப்புவது. வலுவான கைக்கே சிரமம். அதை நம்பாமல், சுடும் கணம் வரை போல்ட்டைத் திறந்தே வையுங்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கு நோக்கியே வைத்து அரை நிமிடம் பொறுங்கள், பழைய தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும். வழக்கத்தைவிட மெல்லிய ஓசை வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, குண்டு குழலுக்குள்ளேயே நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

சில சுற்றுகள் ஆனதும் போல்ட் இறுகித் திறக்க மறுக்கும். பக்கத்தில் இருப்பவர் மரச்சுத்தியை நீட்டி, "மோசின் என்றால் இப்படித்தான்" என்பார். அப்படி இல்லை. தோட்டா அறையில் எஞ்சிய காஸ்மோலின் சூட்டில் இளகிப் பிசினாகியிருக்கிறது. வீட்டில் 20-கேஜ் ஷாட்கன் தூரிகையைக் கரைப்பானில் தோய்த்து அந்த அறையைச் சுழற்றித் தேயுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும். குண்டுகள் குறிக்கு மேலேயே விழுந்தாலும் அஞ்ச வேண்டாம். இந்த ரைபிளின் குறி, குழல்முனை ஈட்டியைப் பொருத்திச் சுடுவதற்காகச் சரிசெய்யப்பட்டது. மின்கம்பிகளுக்கு மாட்டும் சுருங்கு குழாயில் ஒரு துண்டை முன்குறியில் செருகி, சிறிது சிறிதாக நறுக்கிச் சரிக்கட்டலாம். வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

எல்லாவற்றையும்விட அதிகமான மோசின்களைக் கெடுத்தது சோம்பல்தான். உபரித் தோட்டாவின் தீப்பொறிக் குப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகிக் குழலெங்கும் படியும். அதுவும் ஓர் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜன்னல் கம்பியை உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். இங்கே அந்த வேலை ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். கண்ணாடி துடைக்கும் நீல நீரைத் தெளித்தால் போதும், அதன் அம்மோனியா உப்பை முறிக்கும் என்பார்கள். அதில் வேலை செய்வதும் தண்ணீர்தான். சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்து அறைப்பக்கமிருந்து வெந்நீரைக் குழலில் ஊற்றுங்கள். போல்ட்டின் முகத்தையும் ஊசியையும் கழுவுங்கள். சூடேறிய இரும்பு தானே உலரும். மீந்த ஈரத்தைத் துணியால் எடுத்து, பிறகு எண்ணெய் போடுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அசதியாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும் நாளில் உபரித் தோட்டாவைச் சுடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள், கொஞ்சம் கெஞ்சலாகவே. கட்டையை அறுக்காதீர்கள். அரக்கைச் சுரண்டி வார்னிஷ் அடிக்காதீர்கள். தொலைநோக்கிக்காகத் துளையிடாதீர்கள். மலிவாகக் கிடைத்த காலத்தில் ஆயிரக்கணக்கானவற்றை அப்படி வெட்டி நாசமாக்கினார்கள். நவீன வேட்டைத் துப்பாக்கிதான் வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். இந்தக் கட்டையில் யாரோ ஒருவர் கத்தியால் இரண்டு எழுத்துகளைக் கீறியிருப்பார். அவர் திரும்பி வீடு போனாரா என்பது நமக்குத் தெரியாது. அதை உளியால் வழித்தெடுக்கும் உரிமை 400 டாலருக்குக் கிடைத்துவிடாது.

அடுத்து, வீட்டில் வைப்பது. விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் போல்ட் தனியே கையோடு வந்துவிடும். துப்பாக்கியை இரும்புப் பெட்டியிலும், போல்ட்டையும் தோட்டாவையும் வேறு வேறு பூட்டுக்குள்ளும் வையுங்கள். "எங்கள் பிள்ளைகள் தொட மாட்டார்கள்" என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். பிள்ளைகளின் நண்பர்களும் வருவார்கள், கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் வீடு நிறையும். பூட்டு எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வேலை போன மாதம், திருமணம் உடைந்த வருடம், தூக்கமில்லாத நீண்ட குளிர்காலம் போன்ற காலங்களில் துப்பாக்கி வாங்காதீர்கள். ஏற்கனவே வீட்டில் இருந்தால் போல்ட்டை எடுத்துக்கொண்டு போய் நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். நண்பர்களில் ஒருவர் திடலுக்கு வருவதைத் திடீரென்று நிறுத்தினாலோ, துப்பாக்கியைப் பற்றி வேறு தொனியில் பேசினாலோ, தயங்காமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நம்மில் பலருக்கு இங்கே அண்ணன் தம்பி என்று வேறு யாரும் இல்லை.

வாங்கியதும் வரிசை எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, ரசீதை அதோடு இணைத்து, பெட்டியின் சாவி எங்கே, உங்களுக்குப் பிறகு அதைச் சட்டப்படி யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் குறித்து, உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவையுங்கள். முதல் நாள் தனியாகச் சுடப் போக வேண்டாம். பழகியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் திடல் அலுவலரிடம் முதல் முறை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அருகில் வந்து நிற்பார். எங்கள் பக்கத்துத் திடலாக இருந்தால் நானே வருகிறேன். வெந்நீர் குடுவை என் பையில் எப்போதும் இருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்